பாடிக் கறக்கிற மாடு

(கம்பத்தில் ஏலத்தோட்ட மேற்பார்வையாளர்களுக்காக நடந்த ஒருநாள் பயிற்சிக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த மண்டபத்தைக் கொடுத்து உதவிய பெரியவர் அவர்களே, கம்பம்மெட்டு மலைப்பாதை வழியாக இறங்கி வந்திருக்கும் கேரளத்து வண்டன்மேட்டுத் தோட்ட உரிமையாளர்களே, குமுளியிலிருந்து வந்திருக்கும் ஏலக்காய் வியாபாரிகளே, நகர்மன்ற உறுப்பினர்களே, காலையிலிருந்து காபி கொடுத்து ஓய்ந்துபோயிருக்கும் இளைஞர்களே, எல்லாருக்கும் வணக்கம்.

முன்வரிசையில் என் தலைமையாசிரியர் ஐயா உட்கார்ந்திருக்கிறார். அவரைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லாமல் பேச்சை ஆரம்பித்தால் எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்திருந்தான். கணக்கும் வராது, இலக்கணமும் வராது. எல்லா வாத்தியாரும் அடித்துப் பார்த்தார்கள். ஐயா அடிக்கவில்லை. பள்ளிக்கூடத்து மணியை அவன் கையில் கொடுத்தார். "இனிமேல் நேரம் உன் பொறுப்பு" என்றார். மணி அடிக்க வேண்டுமென்றால் கடிகாரம் பார்க்கத் தெரிய வேண்டும். ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டான். அந்த வருஷம் முழுக்க ஒருநாள்கூட அவன் லீவு போடவில்லை. ஐயா, அன்றைக்கு நீங்கள் செய்த காரியத்தைத்தான் இன்று நான் ஒரு மணி நேரம் பேசப் போகிறேன். உங்கள் பாதம் பணிந்து தொடங்குகிறேன்.

நோட்டீஸில் "லைஃப் கோச்சிங்" என்று போட்டிருக்கிறார்கள். கோச் என்ற சொல்லுக்கு முதலில் வண்டி என்றுதான் பொருள். ஹங்கேரியில் கோச் என்றே ஒரு கிராமம் உண்டு. அங்கே செய்த குதிரை வண்டிக்கு அந்த ஊர்ப் பெயரே நின்றுவிட்டது. அப்புறம் 1830 வாக்கில் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர்கள், பரீட்சையில் தங்களைத் தேற்றி விடுகிற வாத்தியாரை கோச் என்று அழைக்கத் தொடங்கினார்கள். வண்டி என்ன செய்யும்? ஏறுகிறவர் போக நினைக்கிற ஊருக்கு அவரைக் கொண்டுபோய் விடும். வண்டிக்காரன் தன் இஷ்டத்துக்கு வேறு ஊரில் இறக்கிவிட்டால் அதற்குப் பெயர் கடத்தல். ஆகவே வேலை செய்கிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "எங்கே போகணும்?" என்பதுதான்.

என் பாட்டி இதையே வேறு மாதிரி சொல்வார். ஆடிக் கறக்கிற மாட்டை ஆடிக் கறக்கணும், பாடிக் கறக்கிற மாட்டைப் பாடிக் கறக்கணும். ஆளை மாட்டோடு ஒப்பிடுகிறேனே என்று யாரும் வருத்தப்பட வேண்டாம். இந்தப் பழமொழி கறக்க உட்கார்கிறவனுக்குச் சொன்னது. எது எதற்குச் சுரக்கும் என்று அவன்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

இன்று மூன்று விஷயம் பேசுவதாகத் தலைவரிடம் சொல்லியிருக்கிறேன். ஒன்று, பணம். இரண்டு, மதிப்பு. மூன்று, நம் பிள்ளைகள் தோட்ட வேலையை விட்டுவிட்டு ஏன் திருப்பூருக்குப் போகிறார்கள் என்பது.

பணத்தை முதலில் முடித்துவிடுகிறேன். பணம் முக்கியமில்லை, பாராட்டுதான் முக்கியம் என்று யாராவது பயிற்சி வகுப்பில் சொன்னால் நம்பாதீர்கள். 2015 செப்டம்பரில் நமக்குப் பக்கத்தில் மூணாறில் தேயிலை பறிக்கிற பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டு ரோட்டில் உட்கார்ந்தார்கள். பெரும்பாலும் தமிழ் பேசுகிற பெண்கள். சங்கத் தலைவர்களையும் தள்ளி நிறுத்திவிட்டு, 'பெம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை, என்று தாங்களே சேர்ந்தார்கள். அப்போது அவர்களுக்கு நாள் கூலி 232 ரூபாய். 500 கேட்டார்கள். கடைசியில் 301 ரூபாய்க்கு முடிந்தது. வயிறு நிறையாத இடத்தில் மேடைபோட்டு ஊக்கம் பேசுவது பாவம். அதோடு அந்த விஷயம் சரி.

இப்போது மதிப்புக்கு வருகிறேன். இங்கே நான் என் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

2019ஆம் வருஷத்தை ஏலக்காய்க்காரர்கள் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். முந்தின வருஷம் வெள்ளம், அப்புறம் வறட்சி, செடியெல்லாம் போய்க் காய் குறைந்துவிட்டது. ஆகஸ்டில் புற்றடியில் நடக்கும் ஏலக்காய் ஏல விற்பனையில் கிலோ 7,000 ரூபாய் வரைக்கும் போனது. நான் அப்போது ஒரு தோட்டத்தில் சூப்பர்வைசர். தோட்டத்தின் பெயர் வேண்டாம், யோசனையில் எனக்கும் பங்கு உண்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் யார் அதிகப் பச்சைக்காய் எடுத்திருக்கிறார்களோ அவர்களுக்கு ஒரு எவர்சில்வர் குடம் என்று அறிவித்தோம். தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, அதன்மேல் மஞ்சள் குங்குமம் வைத்துப் பளபளவென்று குடத்தை வைத்தோம்.

முதல் வாரம் எடை ஏறியது. இரண்டாவது வாரம் இன்னும் ஏறியது. முதலாளி என் தோளில் தட்டிக்கொடுத்தார். மூன்றாவது வாரம், காய் உலர்த்துகிற ஸ்டோர்க்காரர் என்னைக் கூப்பிட்டார். ஒரு காயை எடுத்து நகத்தால் கீறிக் காட்டினார். உள்ளே விதை வெள்ளை வெளேர் என்று இருந்தது. இன்னொன்று. அதுவும் வெள்ளை. விதை கறுக்காத பிஞ்சை உலர்த்தினால் சுருங்கிப்போகும், நிறமும் நிற்காது. நாலரை, ஐந்து கிலோ பச்சைக்காய் போட்டால் ஒரு கிலோ உலர்ந்த காய் வர வேண்டும். அன்றைக்கு ஆறு போட்டும் வரவில்லை.

இன்னொன்றையும் கவனித்தேன். முன்னெல்லாம் ஒருத்திக்கு இடுப்பு வலி என்றால் பக்கத்து வரிசைக்காரி இரண்டு செடியைச் சேர்த்துப் பார்த்துவிடுவாள். மழைக்காலத்தில் ஒருத்தி காலில் ஏறின அட்டையை இன்னொருத்தி புகையிலை வைத்து எடுத்துவிடுவாள். குடம் வந்தபிறகு அந்தப் பேச்சு, சிரிப்பு, பாட்டு எதுவும் இல்லை. எல்லாரும் தலை குனிந்து ஓட்டமாக ஓடினார்கள். காய் பிடிக்கிற சரத்தையே பிய்த்துக்கொண்டு போனவர்களும் உண்டு.

அதில் ஒரு அக்கா. தேவாரம் பக்கத்து ஊர். எங்கள் தோட்டத்தில் அவர் கைக்கு நிகர் கிடையாது. இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு செடியின் தூரில் குந்தினால், இரண்டு கையும் சரத்துக்குள் போய் வருவது கண்ணுக்கே தெரியாது. அந்த மூன்று வாரமும் அவர் எடை மட்டும் பழைய எடையாகவே இருந்தது. எல்லாருக்கும் முன்னால் நான் சத்தம் போட்டேன். "ஏன்க்கா, நீங்கதான் எல்லாருக்கும் பின்னால நிக்கிறீங்க, குடம் வேணாமா?" என்றேன். வயதில் மூத்தவரை அப்படிக் கேட்டது தப்பு. இன்றைக்கும் நினைத்தால் கூசுகிறது.

அவர் பதில் பேசவில்லை. என்னைச் செடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். தரையில் படிந்து கிடந்த ஒரு சரத்தைக் கையில் ஏந்தினார். அடியில் பருத்த காய், நடுவில் பிஞ்சு, நுனியில் பூ. "தம்பி, இத இன்னைக்குப் பிச்சா அடுத்த ரவுண்டுக்கு வந்து எதப் பாக்குறது? இந்த வரிசை நான் நட்ட வரிசை. தட்டை ஒவ்வொண்ணும் நான் மண்ணணைச்சது. குடத்துக்காக இதப் போய் பிய்க்கச் சொல்றீகளா?" என்றார். கட்டைவிரல் நகம் காய்ச் சாற்றில் கறுத்துப்போயிருந்தது. அந்த விரலால் பிஞ்சை விலக்கி, விளைந்த ஒரே ஒரு காயை மட்டும் எடுத்துச் சாக்கில் போட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே குடத்தை நிறுத்திவிட்டோம்.

அந்த அக்காவுக்குத் தெரிந்ததை அமெரிக்காவில் 1973இல் மூன்று உளவியல் அறிஞர்கள் குழந்தைகளை வைத்துக் கண்டார்கள். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்பவர்கள். படம் வரைவதில் தானாகவே ஆசையுள்ள நர்சரிப் பிள்ளைகள். ஒரு பகுதிப் பிள்ளைகளிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லி வரையச் சொன்னார்கள். கொடுக்கவும் செய்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பேனாவை மேஜையில் வைத்துவிட்டுச் சும்மா பார்த்தார்கள். பரிசுக்காக வரைந்த பிள்ளைகள், பரிசுப் பேச்சே கேட்காத பிள்ளைகள் வரைந்ததில் ஏறக்குறைய பாதி நேரம்தான் வரைந்தார்கள். பிரியமாகச் செய்த வேலை பரிசுக்கான வேலையாக மாறிவிட்டது. பாடிக் கறக்கிற மாட்டின் முன்னால் நாங்கள் குடத்தைத் தட்டி ஆடிக்கொண்டிருந்தோம்.

கதை அங்கே முடியவில்லை. மறுவாரம் அதே அக்காவிடம் போய், "அக்கா, நான் பேசினதுக்கு மன்னிச்சுக்கங்க. உங்களுக்கு இந்த வேலையில என்னதான் வேணும்?" என்று கேட்டேன். இருபது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் இருந்திருக்கிறேன், ஒரு தொழிலாளியிடம் அதுவரை இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. கூலி உயர்வு என்பார், அல்லது போனஸ் என்பார் என்று நினைத்தேன். அவர் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார்: "காலையில ஜீப்புக்கு நிக்கிற எடத்துல ஒரு கக்கூஸ் இருந்தா போதும் தம்பி. ராத்திரி எட்டு மணிக்கு மேல நாங்க யாரும் தண்ணி குடிக்கிறதில்ல."

பெரியோர்களே, அவையிலிருக்கும் தாய்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. விளக்க வேண்டியது ஆண்களுக்குத்தான். நம் பள்ளத்தாக்கில் கம்பம், கூடலூர், உத்தமபாளையம், சின்னமனூர் என்று எத்தனையோ ஊரிலிருந்து பெண்கள் இருட்டோடு கிளம்பி மலையேறுகிறார்கள். வீட்டில் சோறு பொங்கி வைத்து, தூக்குவாளியைக் கையில் பிடித்து, தலையில் முக்காடு போட்டு, நாலரை மணிக்கு ரோட்டோரம் நிற்கிறார்கள். ஜீப் வர அரை மணியாகும், ஒரு மணியும் ஆகும். வந்தால் நெருக்கியடித்து உட்கார்ந்து கொண்டை ஊசி வளைவுகளில் ஏற வேண்டும். நடுவில் நிறுத்தச் சொல்ல முடியாது. தண்ணீர் குடிக்காமல் வேலை செய்கிற உடம்புக்கு நீர்க்கடுப்பு வரும், சிறுநீரகக் கல் வரும், பத்து மணிக்கே தலை சுற்றும். அந்தத் தலைசுற்றலைப் பார்த்துத்தான் நாம் "வேலையில் ஆர்வமில்லை" என்று நோட்டில் எழுதுகிறோம்.

ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க அறிஞரைப் பற்றி இங்கே சொல்லியே ஆக வேண்டும். பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 இன்ஜினியர்களிடமும் கணக்கர்களிடமும் அவரும் கூட்டாளிகளும் இரண்டே கேள்வி கேட்டார்கள். வேலையில் ரொம்பச் சந்தோஷப்பட்ட சமயம் எது, ரொம்ப நொந்துபோன சமயம் எது? முடிவை 1959இல் வெளியிட்டார்கள். சந்தோஷத்துக்குச் சொன்ன காரணம் வேறு, நோவுக்குச் சொன்ன காரணம் வேறு. ஒரு காரியத்தைச் செய்து முடித்தது, பிறர் அதை மதித்தது, பொறுப்பு கிடைத்தது, இவை சந்தோஷம் தந்தன. சம்பளம், மேலாளர் நடத்துகிற விதம், வேலையிடத்தின் நிலை, இவை சரியில்லாதபோது நொந்தார்கள். இந்த இரண்டாவது வகைக்கு அவர் மருத்துவத்திலிருந்து ஒரு பெயர் எடுத்து வைத்தார். சுகாதாரக் காரணிகள். சாக்கடையை மூடினால் யாரும் பயில்வான் ஆகிவிட மாட்டார்கள். ஆனால் மூடாவிட்டால் ஊருக்கே காய்ச்சல் வரும். அவர் உவமையாகத்தான் அந்தச் சொல்லை வைத்தார். நம் ஊரில் அது உவமையாக இல்லை. சுகாதாரம் என்றால் சுகாதாரம்தான். நாலு சுவர், ஒரு கதவு, உள்ளே தாழ்ப்பாள், ஒரு குழாய், ஒரு விளக்கு.

1951ஆம் வருஷத்துத் தோட்டத் தொழிலாளர் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். குடிநீர் தர வேண்டும், ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கழிப்பறை கட்ட வேண்டும் என்று அன்றைக்கே எழுதிவிட்டார்கள். ஏலத்தோட்டமும் அதில் அடக்கம். ஆனால் 2025 நவம்பரில் புதிய சட்டத்தொகுப்பு வரும்வரை நடப்பில் இருந்த அந்தச் சட்டம், ஐந்து ஹெக்டேரும் பதினைந்து ஆளும் இருந்தால்தான் பேசியது. சின்னத் தோட்டங்கள் அதற்கு வெளியே நின்றன. ஜீப் நிற்கிற ரோட்டோரமோ தோட்டமே கிடையாது. வேலை கேரளத்தில், வீடு தமிழ்நாட்டில், காத்திருப்பது நடுவில். நான் மூன்று முறை மனுக் கொடுத்திருக்கிறேன். ஒரு அலுவலகம் அந்த இடம் தங்களுடையது இல்லை என்றது. இன்னொன்று தண்ணீர் இணைப்புக்கு வழியில்லை என்றது. மூன்றாவது மனுவுக்கு ரசீது மட்டும் வந்தது.

முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுவிக் பிறந்த ஜனவரி 15 அன்று பொங்கல் வைக்கிறோமே, எதற்காக? 1895இலிருந்து இந்தப் பள்ளத்தாக்கின் வயலுக்கு அந்த அணைத் தண்ணீர் வருகிறது என்பதற்காக. தண்ணீருக்கு இவ்வளவு நன்றியுள்ள ஊரில் நம் பெண்கள் தண்ணீர் குடிக்கப் பயந்து மலையேறுகிறார்கள்.

தலைவர் துண்டுச்சீட்டு அனுப்பியிருக்கிறார், பத்து நிமிஷம் கூடிவிட்டது. திருப்பூர் விஷயத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். அதற்கும் ஆடிக் கறக்கிற மாடு, பாடிக் கறக்கிற மாடு கணக்குத்தான். பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், அவர்களே சொல்லுவார்கள்.

வண்டன்மேட்டிலிருந்து வந்திருக்கும் உரிமையாளர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒரு தோட்டத்துக்கு ஒரு நாள் விற்பனையில் மிகச் சிறிய பங்கு கொடுத்தால் போதும், கட்டடத்துக்கு ஆகிவிடும். இடத்துக்கு நகர்மன்ற உறுப்பினர்கள் வழிசெய்ய வேண்டும். சுத்தம் செய்ய ஆள் சம்பளத்தை ஜீப் ஓட்டுநர் தம்பிகளும் நாமும் மாதாமாதம் போட்டுக்கொள்ளலாம். அவர்களில் நாலு பேர் ஏற்கெனவே சரி சொல்லிவிட்டார்கள். வருகிற திங்கட்கிழமை தேனி ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர் கூட்டம். நாலாவது மனுவோடு போகிறோம். வாசலில் நீல அட்டை போட்ட நோட்டு ஒன்றை வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரியாதவர்கள் ரேகை வைக்கலாம், மை டப்பாவும் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் பக்கத்தில் முதல் ரேகை அந்த தேவாரம் அக்காவுடையது. இரண்டாவது இடத்தைத் தலைமையாசிரியர் ஐயாவுக்காகக் காலியாக விட்டிருக்கிறேன்.