விசாரிப்பவர் எந்தக் கட்சிக்காரர்? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

வணக்கம். அல்சூரிலிருந்து ஒரு நேயர் அனுப்பிய கேள்வி சில நாள்களாக என்னை விடாமல் துரத்திக்கொண்டிருக்கிறது. அவர் கேட்பது இதுதான்: "அமெரிக்காவில் டிரம்ப் மீது வழக்குத் தொடுத்த ஜாக் ஸ்மித்தை நியமித்தவர் பைடன் ஆட்சியின் அட்டர்னி ஜெனரல். ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கைப் பதிவு செய்தது திமுக ஆட்சி. எதிராளி கிளப்பிய விசாரணையில் நடுநிலை எங்கிருந்து வரும் ஐயா?"

பகை இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆளுங்கட்சி தன் தலைவர் மீதே வழக்குப் போடும் அதிசயம் எந்த நாட்டிலும் அடிக்கடி நடப்பதில்லை. ஆகவே, தலைவர்கள் மீதான வழக்குகளில் பெரும்பாலானவை எதிராளியின் கையால்தான் தொடங்கும். பீகார் முதல்வர் ஜகந்நாத் மிஸ்ரா மீதான வழக்கு வாபஸ் பெறப்பட்டதைப் பற்றிய 1987ஆம் ஆண்டுத் தீர்ப்பில், போதிய ஆதாரம் இருக்குமானால் புகார் கொடுத்தவரின் அரசியல் பகையால் மட்டும் வழக்கு கெட்டுவிடாது என்று தலைமை நீதிபதி பகவதி எழுதினார். அன்று பெரும்பான்மை நீதிபதிகள் வாபஸ் செல்லும் என்று முடிவு செய்ததால் அவர் சிறுபான்மையில் நின்றார். ஆனாலும் அந்த வரியை இன்றுவரை நீதிமன்றங்கள் எடுத்தாண்டு வருகின்றன.

ஆளுநர் அனுமதி பற்றிய பதிவில் நான் சொன்னது வழக்கமாகப் பார்ப்பவர்களுக்கு நினைவிருக்கும். நியமித்தவர் யார் என்று பார்ப்பதோடு நின்றுவிடாமல், நீக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். 1973 அக்டோபரில், எதிர்க்கட்சி அலுவலகத்தில் ஆள்கள் புகுந்த வாட்டர்கேட் விவகாரத்தை விசாரித்த ஆர்ச்சிபால்ட் காக்ஸை நீக்கும்படி அமெரிக்க அதிபர் நிக்சன் உத்தரவிட்டார். அட்டர்னி ஜெனரல் ரிச்சர்ட்சன் அதற்கு இணங்காமல் பதவி விலகினார், அவருக்கு அடுத்த நிலையில் இருந்தவரும் மறுத்து வெளியேறினார், மூன்றாவது ஆள் கையெழுத்திட்டார். காக்ஸ் கென்னடி ஆட்சியில் அரசு வழக்கறிஞராக இருந்தவர் என்பதால் அவரைக் கென்னடியின் ஆள் என்று நிக்சன் தரப்பு சொல்லிக்கொண்டிருந்தது. சரி, அவர் போனார், ஜவோர்ஸ்கி வந்தார். நிக்சனின் உரையாடல்கள் பதிவான ஒலிநாடாக்கள் அதே ஒலிநாடாக்களாகத்தானே இருந்தன! 1974 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அவற்றை ஒப்படைக்கச் சொன்னது, ஆகஸ்டில் நிக்சன் பதவி விலகினார்.

அடுத்து, எளிதில் நீக்க முடியாதவரை வைப்போம் என்று 1978இல் சட்டம் கொண்டுவந்து, மூன்று நீதிபதிகள் கொண்ட குழுவிடம் தேர்வை ஒப்படைத்தார்கள். அதன் கீழ் வந்த கென்னத் ஸ்டார், கிளிண்டன் தம்பதியின் நில முதலீட்டில் தொடங்கி மோனிகா லெவின்ஸ்கியுடன் கிளிண்டனுக்கு இருந்த உறவில் போய் நின்றார். 1999இல் அந்தச் சட்டம் காலாவதியானபோது அதைப் புதுப்பிக்க இரு கட்சிகளுக்கும் மனம் வரவில்லை. இன்று நியமிப்பதும் நீக்குவதும் மீண்டும் அட்டர்னி ஜெனரலிடமே இருக்கின்றன.

நேயர் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு, அது நம் பெங்களூரிலேயே கிடக்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரே அரசு வழக்கறிஞரைக் காப்பாற்ற முயன்றால் அதை எந்தக் கணக்கில் சேர்ப்பது? சென்னையில் 76 சாட்சிகள் மறுபடி அழைக்கப்பட்டு 64 பேர் முன்பு சொன்னதை மாற்றிச் சொன்ன பின்னணியில், திமுகவின் க. அன்பழகனின் மனுவை ஏற்று, 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ஜெயலலிதாவின் சொத்துக் குவிப்பு வழக்கை இங்கே மாற்றியது. அப்போது சிவாஜிநகரில் நண்பர் ஒருவர், காவிரிக் கோபத்தைக் கர்நாடகம் இந்த வழக்கில் தீர்த்துக்கொள்ளும் என்று என்னிடம் அடித்துச் சொன்னார். பிறகு நடந்ததைப் பாருங்கள். அரசுத் தரப்பின் சிறப்பு வழக்கறிஞர் ஆச்சார்யா, தமக்கு நெருக்கடி தரப்படுவதாகச் சொல்லி 2012இல் விலகினார். பவானி சிங் வந்தார். 2013இல் கர்நாடகக் காங்கிரஸ் அரசு அவர் நியமனத்தைத் திரும்பப் பெற்றபோது, அவரே நீடிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சென்றவர் ஜெயலலிதா! நீதிமன்றமும் அரசின் உத்தரவை ரத்து செய்தது.

கதை அத்தோடு முடிந்திருந்தால், வழக்கறிஞர் யாரோ அவர் பக்கம்தான் தீர்ப்பு என்று நேயர் சொல்லிவிடலாம். ஆனால் அதே பவானி சிங் நடத்திய வழக்கில்தான், 2014 செப்டம்பர் 27 அன்று, பரப்பன அக்ரஹாரா சிறை வளாகத்தில் நீதிபதி குன்ஹா நான்கு ஆண்டு சிறையும் ஜெயலலிதாவுக்கு 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தார். அக்டோபர் 7 அன்று, நிபந்தனை ஜாமீனுக்கு ஆட்சேபம் இல்லை என்று பவானி சிங் சொன்னதாகச் செய்தி பரவியதும் உயர் நீதிமன்றத்துக்கு வெளியே தொண்டர்கள் இனிப்பு வழங்கத் தொடங்கிவிட்டார்கள். உள்ளே நீதிபதி மனுவைத் தள்ளுபடி செய்துவிட்டிருந்தார். அரசு வழக்கறிஞரின் சாய்வு நீதிபதியைக் கட்டாது என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தெரியவில்லை.

சாய்வு சேதம் செய்யாது என்று மட்டும் இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். மேல்முறையீட்டில் பவானி சிங்கை நியமித்தது தமிழ்நாடு அரசு, அதாவது தண்டனை பெற்றவரின் கட்சி நடத்திய அரசு. அதற்கு அந்த அதிகாரமே இல்லை என்று 2015 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னபோது வாய்மொழி வாதங்கள் முடிந்திருந்தன. கர்நாடக அரசு மீண்டும் அழைத்த ஆச்சார்யா மறுநாளே எழுத்துவாதம் மட்டும் கொடுத்தார். மே 11 அன்று உயர் நீதிமன்றத்திலிருந்து வந்த விடுதலைத் தீர்ப்பில் பத்துக் கடன்களின் கூட்டுத்தொகை 10.67 கோடி என்று வரவேண்டிய இடத்தில் 24.17 கோடி என்று இருந்தது. அந்த 13.5 கோடி வருமானத்தோடு சேர்ந்ததால்தான் மிகைச் சொத்து, விடுதலைக்குப் போதுமானதாகக் கருதப்பட்ட பத்து சதவீதத்துக்குள் அடங்கியது. 2017 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் விடுதலையை ரத்து செய்தது, ஜெயலலிதா அதற்குள் மறைந்துவிட்டிருந்தார்.

அப்படியானால் நீதிமன்றமே சிறப்பு வழக்கறிஞரை நியமித்துவிட்டால் தீர்ந்ததா என்று அடுத்து கேட்பீர்கள். 2ஜி அலைக்கற்றை ஒதுக்கீட்டு முறைகேடு வழக்கில் அதையும் செய்து பார்த்தோம். 2011இல் உச்ச நீதிமன்றம் யு.யு. லலித்தை நியமித்தது, அவர் நீதிபதியானபின் ஆனந்த் குரோவர் வந்தார். 2017 டிசம்பரில் டெல்லி சிறப்பு நீதிமன்றம் அனைவரையும் விடுவித்தது. எழுத்துவாதத்தில் கையெழுத்திடக்கூட மூத்த வழக்கறிஞர்கள் முன்வரவில்லை என்று நீதிபதி சைனி தீர்ப்பிலேயே குறைப்பட்டிருக்கிறார். சிபிஐயின் மேல்முறையீட்டை 2024 மார்ச்சில்தான் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. அதைத் தனிப் பதிவாகப் பேசுகிறேன்.