சுவரில் கைவைக்காமல் ஆலயத்தைத் திறப்பது

(யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் ஒரு கிறிஸ்தவ சபையின் திருத்தவேலைக் கூட்டத்தில் ஆற்றிய உரை, எழுத்தில்)

போதகர் ஐயா, சபைப் பெரியோர்களே, அயலிலிருந்து வந்திருக்கும் சனசமூக நிலைய நண்பர்களே, வணக்கம்.

ஞாயிறு காலையில் ஆராதனைக்குத் திறந்துவிட்டு மற்ற நாளெல்லாம் பூட்டி வைக்கும் ஆலயங்கள் எங்கள் பக்கத்தில் கூடிவிட்டன. சனம் கனடாவிலும் இலண்டனிலும் இருக்கிறது. கிறிஸ்மஸுக்கு வந்தால் வாங்குகள் நிறையும். தை பிறந்தால் பழையபடி வௌவால்தான். ஆகவே ஆலயத்தை ஊருக்குத் திறந்துவிடுவோம், பின்னேரத்தில் பிள்ளைகள் வந்து படிக்கட்டும், முதியவர்கள் கூடட்டும் என்று உங்கள் சபை யோசிப்பது எனக்குச் சந்தோசம். ஆனால் எல்லாருக்கும் அது சந்தோசமில்லை. "கர்த்தருடைய வீட்டில் ரியூசனோ?" என்று ஒரு அம்மா வாசலில் வைத்தே கேட்டுவிட்டார்.

நியாயமான கேள்விதான், அம்மா. ஆனால் ஒல்லாந்தர் காலத்தில் எங்கள் கோவிற்பற்றுகளில், அதாவது சபைப் பிரிவுகளில், ஆலயமும் பள்ளிக்கூடமும் சேர்ந்தே இருந்தன. பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த உபாத்தியாயர்தான் ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் தோம்பு என்ற பதிவேட்டில் பதிந்தார். 1816இல் அமெரிக்க மிசனரிமார் வந்தபோது தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் அவர்கள் கைக்கு வந்தவை பாழடைந்துபோன பழைய ஆலய வளவுகள். அவற்றைத் திருத்தித்தான் குடியிருந்தார்கள், ஜெபித்தார்கள், படிப்பித்தார்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் அவர்களின் செமினரி என்ற உயர்கல்விக்கூடம் தொடங்கியது. பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை படித்தது அங்கேதான். வட்டுக்கோட்டை ஆலயம் இன்று தென்னிந்தியத் திருச்சபை யாழ் ஆதீனத்தின் பேராலயம். போர்க்காலத்தில் நாங்கள் பாய் விரித்துப் படுத்ததும் ஆலயங்களில்தான். 1995 யூலை 9ஆம் திகதி நவாலி ஆலயத்தில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் குண்டு விழுந்ததை இந்தக் கூட்டத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

ஆக, பாவிக்கலாமா என்பதில் எனக்குக் கேள்வி இல்லை. பாவிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு கட்டடத்தை என்ன செய்யப் போகிறோம் என்பதில்தான் என் பயம் எல்லாம்.

அந்த வடக்குச் சுவரைப் பாருங்கள். கீழே மூன்று முழ உயரத்துக்குப் பூச்சு பொருமி நிற்கிறது. தட்டினால் பொள்ளல் சத்தம். விரலால் சுரண்டினால் வெள்ளையாக மா போல ஒன்று வரும், அது உப்பு. இந்தச் சுவர் கடலிலிருந்து எடுத்த முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். முருகைக்கல் துவாரம் நிறைந்த கல், நிலத்து ஈரத்தை மேலே இழுக்கும். முந்தி வெளியே பூசியிருந்ததும் சுண்ணாம்பு என்பதால் ஏறிய ஈரம் அதன் வழியாகவே வெயிலில் காய்ந்து போனது. பிறகு காங்கேசன்துறையில் சீமெந்து ஆலை வந்தது, கைக்கெட்டிய இடமெல்லாம் சீமெந்து பூசினோம். வியர்க்கிற உடம்புக்கு மழைக்கோட்டுப் போட்டுவிட்ட கதைதான். ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் மேலே ஏறுகிறது. அது காய்கிற இடத்தில் உப்பு பளிங்காகிக் கல்லையே உடைக்கிறது. கடைசியில் பூச்சு பாளமாகக் கழலும்போது கல்லின் முகத்தையும் சேர்த்துக் கொண்டுபோகும். "திரும்ப ஒருக்கால் நல்ல மொத்தமாய்ச் சீமெந்து அடிச்சு விடுவம்" என்று மேசன் சொல்வார். தயவுசெய்து அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

சீமெந்தை உளியால் ஆறுதலாக எடுக்க வேண்டும். சுவரை ஒரு கோடை முழுக்கச் சும்மா காயவிட வேண்டும். அப்புறம் நீற்றி, ஊறவைத்த சுண்ணாம்பை மெல்லிய படைகளாகப் பூச வேண்டும். சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை எடுத்துத்தான் இறுகும், அவசரப்படுத்த முடியாது. சோளகக் காற்று அடிக்கிற நாளில் நனைசாக்கு கட்டாமல் பூசினால் வெடித்துவிடும். கடலில் முருகைக்கல் எடுப்பது இப்போது சட்டப்படி குற்றம். ஆகையால் வளவில் விழுந்து கிடக்கும் ஒவ்வொரு பழைய கல்லையும் பொறுக்கி அடுக்கி வையுங்கள். போன கிழமை அதில் கொஞ்சத்தை யாரோ பூச்சாடி வைக்கக் கொண்டுபோயிருக்கிறார்கள். யார் என்று கேட்கவில்லை, திரும்ப வந்தால் போதும்.

உள்ளே என்ன செய்யலாம்? நெதர்லாந்தில் மாஸ்ட்ரிக்ட் என்ற ஊரில் 13ஆம் நூற்றாண்டு டொமினிக்கன் ஆலயம் ஒன்று இருக்கிறது. இடையில் அது சைக்கிள் விடும் இடமாகக்கூடக் கிடந்தது (சைக்கிள் ஊரான யாழ்ப்பாணத்தவர் எங்களுக்குச் சிரிக்க உரிமை இல்லை). 2006இல் அதைப் புத்தகக்கடை ஆக்கினார்கள். இரண்டு மாடி உயரத்துக்கு இரும்பில் ஒரு பெரிய புத்தகத் தட்டு, ஆனால் அது தன் காலில் தனியே நிற்கிறது, சுவரில் சாயவில்லை. நாளைக்குக் கழற்றி எடுத்தால் ஆலயம் அப்படியே இருக்கும். கடை எங்களுக்கு வேண்டாம், அந்த முறை வேண்டும். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றிய 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனமும் இதையே சொல்கிறது: பழைய கட்டடத்தைச் சமூகத்துக்குப் பயன்படுத்துவது நல்லது, ஆனால் அதன் அமைப்பையும் அலங்காரத்தையும் மாற்றக் கூடாது.

ஆகவே புத்தக அலுமாரிகள் சுவரைத் தொடாமல் நிற்கட்டும். வயரைச் சுவரை வெட்டிப் புதைக்காதீர்கள், மரத்தோடு குழாயில் வெளியே ஓடட்டும். கூரையின் பனை வளையில் மின்விசிறி தூக்காதீர்கள், நிலத்தில் நிற்கிற விசிறி போதும். மலசலகூடம் வளவின் மற்றக் கரையில், குழி சுவருக்குக் கிட்ட வரவே கூடாது. பீடப் பக்கம் மடக்குத் தட்டியால் மறைக்கப்படட்டும், அங்கே பிள்ளைகள் புத்தகப்பை வைக்கக் கூடாது. அம்மாவும் அதற்குச் சம்மதிப்பார் என்று நினைக்கிறேன். வாங்குகளை விற்கும் பேச்சு இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். அதில் இருந்துதான் பிள்ளைகள் படிக்கப் போகிறார்கள்.

இனிக் கொஞ்சம் கசப்பான விசயம். வெளிநாட்டுப் பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள், அன்போடுதான் அனுப்புகிறார்கள். ஆனால் அவர்கள் கேட்பது நிலத்துக்கு மாபிள், முகப்புக்குப் புதுக் கோபுரம், வாசலில் பெயர்க்கல். கூரைத் தண்ணீர் ஓடும் பீலியை மாற்றக் காசு தாருங்கள் என்றால் ஒருவரும் பெயர்க்கல் கேட்க மாட்டார். நிலத்தில் பதித்த பழைய கல்லறைக் கற்களின் மேல் மாபிள் ஒட்டினால், கீழிருக்கும் ஈரம் எங்கே போகும்? நேரே சுவருக்குத்தான்.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிடாதீர்கள். 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் 1815 மார்ச் 2ஆம் திகதிக்கு முந்தியவற்றைத்தான் தானாகப் புராதனச் சின்னமாகக் கொள்கிறது. அமெரிக்க மிசன் வந்தது அதற்கு அடுத்த வருசம்! அவர்கள் புதிதாகக் கட்டியவை நூறு வயது தாண்டியிருந்தாலும், அரச வர்த்தமானியில் தனியே அறிவித்தால்தான் சட்டத்துக்குள் வரும். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் 1706இல் எழுந்த சிலுவை வடிவ ஆலயம் போரில் கற்குவியலாகிவிட்டது. சங்கானைப் பழைய ஆலயத்தில் கூரையில்லாத சுவர்கள் நிற்கின்றன. குண்டு அழித்ததைப் பற்றி நாங்கள் நிறையக் கதைத்துவிட்டோம். சமாதான காலத்தில் இடித்துக் கொங்கிறீற்றில் கட்டியவற்றுக்கு ஒரு பட்டியலும் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். முதல் வருசக் காசு முழுக்கக் கூரைக்கும் பீலிக்கும் வடிகாலுக்கும் போகட்டும். பிள்ளைகளுக்கு மேசை கதிரை அடுத்த வருசம். அதுவரை ஒரு மூலையில் வாங்குகளைத் திருப்பிப் போட்டு வாசிகசாலையைத் தொடங்கலாம், பத்திரிகை வாங்க என் பங்கு நான் தருகிறேன். மாரி தொடங்க முதல் ஓடு மாற்றி முடிக்க வேண்டும். தேத்தண்ணி குடித்துவிட்டு எல்லாரும் வடக்குப் பக்கம் வாருங்கள், பீலியில் ஆலங்கன்று முளைத்திருக்கிறது. ஏணிக்குச் சொல்லிவிட்டிருக்கிறேன்.