நான்கு பொதிப் பருப்பும் ஒரு சட்டியும்

நேயர்களுக்கு அன்பு வணக்கம்.

முப்பது வருடங்களுக்கு மேல் தோட்டப் பாடசாலைகளில் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். ஹட்டன் பக்கத்தில், எங்கள் கத்தோலிக்கப் பங்கில் இயங்கும் புனித வின்சன்ட் டி போல் சபைக் கிளையில் இப்போது ஓர் அங்கத்தவர். கஷ்டப்படும் குடும்பங்களுக்கு அரிசி, மா, கம்பளி, கொப்பி என்று அன்றாடத்துக்கு வேண்டியவற்றைக் கொண்டுபோய்க் கொடுக்கிறோம். அதைப் பற்றிப் பேசும்படி வானொலியிலிருந்து கேட்டார்கள். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஒரு சட்டிதான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் மலையகத்தைப் புரட்டிப் போட்டது உங்களுக்குத் தெரியும். மண் சரிந்து, வீடு இழந்து, பாடசாலைகளிலும் கோயில்களிலும் தேவாலயங்களிலும் சனம் படுத்துக் கிடந்தது. நாலா பக்கமிருந்தும் பொதிகள் வந்து இறங்கின. கொடுத்தவர்களின் மனதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன். அப்படி ஒரு வகுப்பறையில், மேசைகளை ஒதுக்கிப் பாய் விரித்த மூலையில், லயம் என்ற தோட்டத்து வரிசை வீடொன்றில் குடியிருந்து தேயிலைக் கொழுந்து எடுக்கும் ஓர் அம்மா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நான்கு பொதிப் பருப்பு, ஒன்றின் மேல் ஒன்றாக நேர்த்தியாக அடுக்கியிருந்தது. நான் ஐந்தாவதை நீட்டினேன். இரண்டு கைகளாலும் வாங்கிக்கொண்டார். பிறகு, மெதுவாகச் சொன்னார்: "டீச்சர், கோபித்துக்கொள்ள வேண்டாம். லயத்துக்குத் திரும்பிப் போனால் பருப்பை வேகவைக்கச் சட்டி இல்லை. எல்லாம் மண்ணுக்குள்ளே போய்விட்டது."

அவர் சொல்லும்வரை எனக்கு அது தோன்றவில்லை. அன்று மாலையே டவுனுக்குப் போய் இரண்டு அலுமினியச் சட்டி, ஓர் அகப்பை, மூடியுள்ள ஒரு வாளி வாங்கினோம். அடுத்த நாள் சட்டியைக் கையில் எடுத்தவர் அதைத் திருப்பிப் பார்த்து, அடியை விரலால் தட்டிப் பார்த்து, "கனமான சட்டி, அடிப்பிடிக்காது" என்றார். எத்தனையோ பேருக்கு எத்தனையோ பொதி கொடுத்திருக்கிறேன். வாங்கிய பொருளை ஒருவர் அப்படித் தட்டிப் பார்த்ததை அன்றுதான் கண்டேன். தன் வீட்டுக்குத் தானே கடையில் பார்த்து வாங்குகிற ஒருவரின் முகம் அது.

கொடுப்பதற்கு முன் வீட்டுக்குப் போ, உட்கார், கேள். எங்கள் சபைக்கு இது புதிய பாடமல்ல. 1833இல் பாரிஸ் நகரில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவரும் நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய சபை இது. ஏழை வீடுகளுக்கு எப்படிப் போவது என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தவர், அந்த நகரத்தின் வறிய தெருக்களில் காலமெல்லாம் உழைத்த ரோசலி ராண்டு என்ற கன்னியாஸ்திரி. குளிர்காலத்துக்கென்று வைத்திருந்த விறகில் மீதியை ஓர் ஏழை வீட்டுக்கு அந்த இளைஞர்கள் சுமந்து போனதாக எங்கள் சபையில் சொல்வார்கள். பாரிஸ் எங்கே, நம் மலை எங்கே! ஆனாலும் அந்த விறகுக் கதை இங்கே யாருக்கும் விளக்காமலே புரிகிறது. ஈர விறகை ஊதி ஊதிக் கண் சிவந்த பெண்கள் நம் லயங்களில் இல்லாத காலை ஏது?

யாக்கோபு எழுதிய திருமுகத்தில் ஓர் இடம் உண்டு. உடுக்கத் துணியும் அன்றைய உணவும் இல்லாமல் நிற்பவரிடம், தேவையானதைக் கொடுக்காமல், "போய்க் குளிர்காயுங்கள், பசியாறுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் அதனால் என்ன பயன் என்று கேட்கிறார். ஜனவரியில் நுவரெலியாப் பக்கம் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடக்கும்போது அந்த வசனத்தை வாசித்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயம். உதவி எல்லாம் நத்தாருக்குத்தான் வருகிறது. டிசம்பரில் ஒரே வீட்டுக்கு மூன்று இடத்திலிருந்து கேக்கும் அரிசியும் வந்து சேரும். வீடு உண்மையில் தவிப்பது அதற்குப் பிறகு. ஹட்டன், டிக்கோயாப் பக்கம் ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் காய்ந்து கொழுந்து குறையும். ஒரு நாளில் பறிக்க வேண்டிய கிலோக் கணக்கு நிறையாவிட்டால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் பாதிச் சம்பளம். தொழிற்சங்கங்கள் போராடி, 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று அரசாங்கம் தீர்மானித்தபோது நாமெல்லாம் மகிழ்ந்தோம். அடுத்த வருடமே விலைவாசி அதை விழுங்கிவிட்டது. 2022 செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 90 வீதத்தைத் தாண்டியது. காலையும் இரவும் ரொட்டி சுட்டுச் சாப்பிடும் வீட்டில் மா விலை ஏறினால் என்ன ஆகும் என்று அந்த வருடம் பார்த்தோம். ரொட்டியின் அளவு சின்னதாகும். அம்மாவின் ரொட்டிதான் முதலில் சின்னதாகும்.

அதனால் எங்கள் கிளையில் நத்தார்ப் பொதியைச் சிறியதாக்கி, பெப்ரவரிப் பொதியைப் பெரியதாக்கினோம். தேயிலைத் தூளை எடுத்துவிட்டோம், தோட்டத்தில் அதற்குப் பஞ்சமில்லை. அந்தப் பணத்துக்குச் சவர்க்காரமும் பெண் பிள்ளைகளுக்கு மாதவிடாய் அணையாடையும் போட்டோம். இந்தக் கடைசிப் பொருளை யாரும் வாய்விட்டுக் கேட்டதில்லை. மாதத்தில் மூன்று நாள் பாடசாலைக்கு வராத பிள்ளைகளின் இடாப்பைப் பதினைந்து வருடம் நானே அடையாளமிட்டிருக்கிறேன். காரணம் தெரிந்தும் ஒன்றும் செய்யாமல் இருந்த வருடங்களுக்காக இன்றும் மனம் வருந்துகிறேன்.

எங்கள் பட்டியலில் உள்ள வீடுகளில் பெரும்பாலானவற்றில் முருகன் படம்தான் மாட்டியிருக்கிறது. "சர்ச்சுக்கு வர வேண்டுமா, டீச்சர்?" என்று சிலர் பயந்து பயந்து கேட்பார்கள். வேண்டாம். மாவுக்கும் மதத்துக்கும் முடிச்சுப் போடுகிறவர்கள் சுவிசேஷத்தைச் சரியாக வாசிக்கவில்லை என்பது என் உறுதியான எண்ணம். பசியாய் இருந்தேன், உணவு கொடுத்தீர்கள் என்றுதான் ஆண்டவர் சொன்னார். பசித்தவர் எந்தக் கோயிலுக்குப் போனார் என்று அவர் கேட்கவில்லை. பசித்தவரைச் சிறுமைப்படுத்தக் கூடாது என்றுதான், தொழிலாளர்களை வேலைக்குப் பிரித்து அனுப்பும் பிரட்டுக்களத்தில் வரிசையில் நிறுத்திப் பொதி கொடுப்பதையும், கொடுக்கும்போது படம் பிடிப்பதையும் நாங்கள் விட்டுவிட்டோம். இரண்டு பேராகப் போகிறோம், இஸ்தோப்பில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கிறோம். அவர்கள் தரும் தேத்தண்ணீரை மறுக்கக் கூடாது என்பது எங்களுக்குள் ஒரு சட்டம்.

பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்பீர்கள். கூட்டத்தில் ஒரு துணிப்பை கைமாறிப் போகும். யார் எவ்வளவு போட்டார் என்று பக்கத்தில் இருப்பவருக்கும் தெரியாது. ஒரு முறை பையைக் கொட்டியபோது நோட்டுகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பொட்டலம் விழுந்தது. பிரித்துப் பார்த்தோம். புத்தம் புதிய அலுமினிய அகப்பை ஒன்றின் கடைச் சிட்டை, அதோடு சில்லறையாக அதே தொகை. அந்தக் கூட்டத்துக்கு முதன்முதலாக வந்திருந்தவர், வகுப்பறை மூலையில் பருப்பு அடுக்கி வைத்திருந்த அந்த அம்மா.