காசில் ஒரு தாயும் மகனும்

ரோமானியப் பேரரசர்களின் நாணயங்கள் என்றதும் இவர் முழுப் பட்டியலையும் வாசிக்கப் போகிறார் என்று சிலர் கடிகாரத்தைப் பார்க்கிறீர்கள். பயப்பட வேண்டாம். ஒரு தாய், ஒரு மகன், அவ்வளவுதான்.

கி.பி. 54இல் ரோமானியப் பேரரசர் கிளாடியஸ் இறந்தார். நீரோ அரியணை ஏறினான். வயது 16. அந்த வருடக் காசில் அவனும் தாய் அக்ரிப்பினாவும் முகத்தோடு முகம் பார்த்தபடி இருக்கிறார்கள். சரி, தலைப்பக்கத்தைச் சுற்றி யார் பெயர் பொறித்திருக்கிறது? தாயின் பெயர்! பேரரசனின் பெயரைக் காசைத் திருப்பித்தான் படிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டே எல்லாம் மாறிவிட்டது. இருவரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள். மகன் முன்னால். அவன் முகத்துக்குப் பின்னால் தாயின் முகம் ஓரமாக எட்டிப்பார்க்கிறது. பெயர்களும் பக்கம் மாறிவிட்டன. அப்புறம் வந்த காசுகளில் அந்த அம்மாளைக் காணவே காணோம். 59இல் மகனே ஆள் வைத்துக் கொன்றான். தங்கத்தில் மட்டுமல்ல, வெள்ளியிலும் இதே படங்கள் வந்தன. ஆக, அரண்மனைச் சண்டையில் யார் கை ஓங்குகிறது என்பது கடைத்தெரு வரை வந்திருக்கிறது.

முதல் பேரரசர் அகஸ்டஸ் 75 வயதில் இறந்தவர். காசில் மட்டும் கடைசிவரை இளைஞர். நீரோவுக்கு அந்தக் கூச்சம் இல்லை. வருடம் ஏற ஏறக் கழுத்து தடிக்கிறது, தாடை தொங்குகிறது. 64இல் ரோம் நகரம் எரிந்தது. அதையொட்டி, ஒரு ராத்தல் தங்கத்தில் 40 காசு என்றிருந்ததை 45 ஆக்கினான். வெள்ளியில் 84 என்பது 96 ஆனது. வெள்ளியின் தரத்தையும் குறைத்தான். அரசன் கொழுத்தான், காசு இளைத்தது.

இந்த முகங்கள் நம் ஊருக்கும் வந்தன. கோயம்புத்தூர், கரூர்ப் பக்கம் கிடைத்த வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸும் அவருக்கு அடுத்து ஆண்ட திபேரியஸும்தான் அதிகம். புதுக்கோட்டையில் 1898இல் கிடைத்த புதையலில் 501 தங்கக் காசுகள். அகஸ்டஸ் முதல், நீரோவுக்குப் பின் ஆண்ட வெஸ்பாசியன் வரை. நீரோவும் உண்டு. பெரும்பாலானவற்றில் உளி வெட்டு. இனி இது காசாகச் செல்லாது, வெறும் தங்கம் என்று காட்டவே வெட்டினார்கள் என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. வெட்டியவர் காசின் ஓரத்தில் வெட்டியிருக்கலாம். முகத்தின் குறுக்கேதான் வெட்டியிருக்கிறார்.