அரவணைப்பை எந்த ஆபீஸில் கேட்பது?

நடுவர் அவர்களே, அல்சூர் வரை டிராஃபிக்கைத் தாண்டி வந்திருக்கும் பெங்களூருத் தமிழ் உறவுகளே, வணக்கம். ‘மனநலம் காக்க முதலில் வேண்டியது சட்ட உரிமையா, சமூக அரவணைப்பா?’ உரிமையே என்று பேச வந்திருக்கிறேன்.

“சட்டம் வந்து தோளில் கை போடுமா?” என்று எதிரணி அண்ணன் கேட்டார். நல்ல கைதட்டல். போடாதுதான் அண்ணே. ஆனால் காலில் சங்கிலி போட வருகிற கையைத் தடுக்கும்.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநோயாளிகளுக்கான ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். ஓட முடியவில்லை, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தார்கள். அப்படிப்பட்ட இடங்களில் கொண்டுபோய் விட்டவர்கள் எதிரிகளா? பெற்றவர்கள், கூடப் பிறந்தவர்கள். தர்கா இருக்கும் ஊர், குணமாகிவிடும் என்று நம்பினார்கள். பாசத்துக்கு அங்கே குறைவில்லை. அந்தப் பாசத்தால் ஒரு பூட்டைக்கூடத் திறக்க முடியவில்லை.

2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 95-ஆம் பிரிவு, எந்த வடிவிலும் சங்கிலி கூடாது என்கிறது. எனக்கு அதைவிடப் பிடித்தது 19. குடும்பம் ஏற்கவில்லை, வீடு இல்லை என்ற காரணத்துக்காக மட்டும் ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருக்கக் கூடாது. அவர் வெளியே வாழ அரசு ஏற்பாடு செய்ய வேண்டும். குடும்பம் ஒருநாள் கைவிடக்கூடும் என்று தெரிந்தே எழுதியிருக்கிறார்கள் பாருங்கள்!

“எல்லாம் தாளில்தானே இருக்கிறது” என்பார்கள். பாதி உண்மை. இதே ஊர் நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை நடத்திய 2015-16 தேசிய ஆய்வில், சிகிச்சை கிடைக்காதவர்கள் நோயைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம். தருமபுரியிலிருந்து விடியற்காலை பஸ் பிடித்து ஓசூர் ரோட்டில் அந்த மருத்துவமனை வாசலில் வந்து இறங்குகிறவர்களைக் கேட்டால் தெரியும். ஆனால் சிகிச்சை பெறுவது உரிமை என்று 18-ஆம் பிரிவு சொல்வதால், “என் மாவட்டத்தில் ஏன் இல்லை?” என்று கோர்ட்டில் கேட்க முடிகிறது. அரவணைக்கவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் மேல் கேஸ் போட முடியுமா? போட்டால் நாம் எல்லாரும் உள்ளேதான் இருப்போம்!

ஐ.டி. தம்பிகளுக்கு ஒன்று: உடல்நோய்க்குப் போலவே மனநோய்க்கும் இன்சூரன்ஸ் தரவேண்டும் என்பது 21-ஆம் பிரிவு. கம்பெனிகள் மனமிரங்கித் தந்ததல்ல.

எதிரணியில் அடுத்து வருபவர் இதற்குப் பதில் சொல்லட்டும். குணமான ஒரு அம்மா டிஸ்சார்ஜ் சீட்டோடு நிற்கிறார். மகன் போனை எடுக்கவில்லை. உங்கள் அரவணைப்பை அவர் எந்த ஆபீஸில் போய்க் கேட்பார்?