தையல் ஊசித் துளையும் மீந்த எரிபொருளும்

அவையோருக்கு வணக்கம். விண்குப்பையைப் பற்றி, அதாவது நாம் ஏவிய கலங்களும் ராக்கெட்டுகளும் விண்ணில் விட்டுச்சென்ற துண்டுகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

2022 டிசம்பர் 15. பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் ரஷ்ய வீரர்கள் இருவர் வெளியே இறங்கி வேலை பார்க்கத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில், நிலையத்தோடு இணைந்து நின்ற ரஷ்யாவின் சோயுஸ் எம்எஸ்-22 கலத்தின் பின்பகுதியிலிருந்து பொரி பறப்பதுபோல வெள்ளைத் துணுக்குகள் பீய்ச்சி அடிப்பது கேமராவில் தெரிந்தது. கலத்தின் குளிரூட்டி திரவம்தான் அப்படி வெளியேறிக்கொண்டிருந்தது. வெளிநடையை ரத்துசெய்தார்கள். பின்னர் ஆராய்ந்ததில், சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டரில் ஒரு துளை தெரிந்தது. அதன் அளவு 0.8 மில்லிமீட்டர். தையல் ஊசி நுழையும், கோணி ஊசி நுழையாது.

அந்த ஒரு துளை மூன்று பேரின் திரும்பும் வண்டியைப் பறித்துக்கொண்டது. குளிரூட்டி இல்லாத கலத்துக்குள் மூன்று பேர் அடைந்து உட்கார்ந்தால், மின்னணுக் கருவிகளின் சூடும் உடம்புச் சூடும் சேர்ந்து வெப்பம் 40 டிகிரிக்குப் போகலாம், ஈரப்பதமும் ஏறும் என்று கணக்கிட்டார்கள். அவசரத்துக்கு ஓர் ஏற்பாடாக, அமெரிக்க வீரர் ஃபிராங்க் ரூபியோவின் உடம்பு அளவுக்கு வார்த்த இருக்கைப் படுக்கையைச் சோயுஸிலிருந்து கழற்றி, பக்கத்தில் நின்ற அமெரிக்க டிராகன் கலத்தில் மாட்டினார்கள். மாற்றுக் கலம் ஆளில்லாமல் 2023 பிப்ரவரியில் வந்து சேர்ந்தது. ஆறு மாதத்துக்கு என்று போன மூவரும் 371 நாள் கழித்துத்தான் தரை இறங்கினார்கள்.

துளை போட்டது நுண்விண்கல் என்பது ரஷ்யத் தரப்பின் முடிவு. அதாவது இயற்கையான தூசி. அதே அளவில் ஒரு பெயின்ட் செதில் வந்திருந்தாலும் முடிவு இதுவேதான். 1983 ஜூனில் சேலஞ்சர் விண்ணோடத்தின் முன் ஜன்னலில் அப்படித்தான் நடந்தது. 0.2 மில்லிமீட்டர் பெயின்ட் துணுக்கு பட்டதில் கண்ணாடியில் 4 மில்லிமீட்டர் அகலப் பள்ளம் விழுந்தது. கண்ணாடியை மாற்ற வேண்டியதாயிற்று.

விண்பயணத்தில் ஆபத்து இது ஒன்றுதானா என்று கேட்பீர்கள். இல்லை. எடையற்ற நிலையில் இடுப்பு எலும்பு மாதத்துக்கு ஒன்று முதல் ஒன்றரை சதவீதம் வரை கரைகிறது. அதற்காகத்தான் அங்கே தினமும் இரண்டு மணி நேர உடற்பயிற்சி. கதிர்வீச்சு இன்னும் கடினமான சிக்கல். செவ்வாய்க்குப் போகும் வழியில் கியூரியாசிட்டி ஊர்தியின் கருவி அளந்தது நாளொன்றுக்கு சுமார் 1.8 மில்லிசீவர்ட் (உடம்பில் ஏறும் கதிர்வீச்சின் அளவு). நாசா ஒரு வீரருக்கு வாழ்நாள் முழுவதற்கும் வைத்திருக்கும் வரம்பு 600. இவையெல்லாம் இயற்கை வைத்த ஆபத்துகள். விண்குப்பை நாமே போட்டது. ஆகவே இன்று அதைப் பற்றியே பேசுகிறேன்.

முதலில் வேகம். நிலையம் 400 கிலோமீட்டருக்குச் சற்று மேலே, விநாடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் சுற்றுகிறது. எல்லாம் ஒரே வேகத்தில்தானே ஓடுகிறது, பிறகு ஏன் மோதல் என்று கேட்கலாம். ஒரே திசையில் ஓடினால் கவலையில்லை. பாதைகள் வெவ்வேறு சாய்வில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்கின்றன. நாற்சந்தியில் பக்கவாட்டில் வந்து இடிப்பதுபோல. சந்திக்கும்போது வேகம் சராசரியாக விநாடிக்கு 10 கிலோமீட்டர். 1 சென்டிமீட்டர் அலுமினிய உருண்டை ஒன்றரை கிராம்கூட இருக்காது. அந்த வேகத்தில் அதில் இருக்கும் ஆற்றல், ஆயிரம் கிலோ கார் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வந்து மோதும் ஆற்றலுக்குச் சமம். அவ்வளவும் ஒரு கோலிக்குண்டுகூடப் பிடிக்காத இடத்தில் இறங்குகிறது.

இதைத் தடுக்கும் கவசத்தை 1940-களிலேயே ஃபிரெட் விப்பிள் என்ற வானியலாளர் யோசித்துவிட்டார். கனமான தகடு வேண்டாம். வெளியே ஒரு மெல்லிய அலுமினியத் தகடு, பத்து சென்டிமீட்டர் அளவுக்கு வெற்றிடம், அதற்குப் பின்னால் கலத்தின் சுவர். வரும் துகள் மெல்லிய தகட்டைத் துளைக்கும்போதே நொறுங்கி, உருகி, ஓரளவு ஆவியாகவும் ஆகிவிடும். இடைவெளியில் அது மேகமாக விரிந்து, சுவரின் பரந்த பரப்பில் பரவலாகப் படும். குத்தாக விழ வேண்டியது அறையாக விழும். நிலையத்தின் முக்கியமான இடங்களில் அந்த இடைவெளிக்குள் பீங்கான் இழைத் துணியும் கெவ்லாரும் கூடுதலாக வைத்திருக்கிறார்கள். இதில் ஒரு வேடிக்கை: துகள் விநாடிக்கு 3 கிலோமீட்டருக்கும் குறைவாக வந்தால் நொறுங்காது. முழுசாகவே உள்ளே வந்து சுவரைக் குத்தும். இந்தக் கவசத்துக்கு மெதுவாக வரும் துகளே சில சமயம் கூடுதல் தொல்லை.

கவசத்தையும் தாண்டிச் சுவரில் துளை விழுந்தால் என்ன ஆகும்? உள்ளே எவ்வளவு காற்று இருக்கிறது என்பதைப் பொறுத்தது. 2018 ஆகஸ்டில் நிலையத்தின் காற்றழுத்தம் மெல்ல இறங்குவதைத் தரைக்கட்டுப்பாடு கவனித்தது. வீரர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். கசிவு சிறிது, எழுப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். விடிந்ததும் பகுதி பகுதியாகத் தேடியதில், நிலையத்தோடு இணைந்திருந்த ஒரு சோயுஸில் 2 மில்லிமீட்டர் துளை அகப்பட்டது. ஜெர்மானிய வீரர் அலெக்சாண்டர் கெர்ஸ்ட் அதை விரலால் அடைத்துப் பிடித்தார். பிறகு வெப்பம் தாங்கும் கேப்டான் டேப் ஒட்டினார்கள். கடைசியில் எப்பாக்ஸி பசையில் நனைத்த காஸ் துணியை வைத்து மூடினார்கள். (அது விண்கல் போட்டதல்ல, துளைப்பான் போட்டது என்று பின்னால் தெரிந்தது. அது வேறு கதை.) நிலையம் பெரிய வீடு, காற்று நிறைய உண்டு, அவகாசம் கிடைத்தது. 1971-இல் சோயுஸ்-11 தரை இறங்கும்போது 168 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் அழுத்த வால்வு திறந்துகொண்டது. சிறிய கூண்டு, உள்ளே இருந்த மூவரும் அழுத்த உடை அணியவில்லை. மூவரும் இறந்தார்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் அழுத்த உடை கட்டாயமானது அதற்குப் பிறகுதான்.

கவசம் ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் துகள் வரை தாங்கும். 10 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதை ராடார் பார்த்துப் பட்டியலில் ஏற்றிவிடும், விலகிக்கொள்ளலாம். இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் எமன். பெரும்பாலும் கண்ணுக்கும் படாது, கவசத்துக்கும் அடங்காது. 1 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட துண்டுகள் 12 லட்சம் என்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் மதிப்பீடு. அவற்றில் ஆகப் பெரும்பான்மை இந்த நடு அளவுதான்.

விலகுவதும் சுலபமில்லை. நிலையத்தைச் சுற்றி 50 கிலோமீட்டர் நீளம், 50 அகலம், 4 கிலோமீட்டர் கனத்தில் ஒரு கற்பனைப் பெட்டி வரைந்திருக்கிறார்கள். அதற்குள் ஏதாவது வரும்போலிருந்தால் மோதும் வாய்ப்பைக் கணக்கிடுவார்கள். லட்சத்தில் ஒன்றைத் தாண்டினால் விலகுவதைப் பற்றி யோசிப்பார்கள். பத்தாயிரத்தில் ஒன்றைத் தாண்டினால் விலகியே ஆக வேண்டும், விலகுவதே கூடுதல் ஆபத்து என்றால் தவிர. திட்டமிட்டு எஞ்சினை இயக்கி முடிக்கப் பல மணி நேரம் ஆகும். அந்த அவகாசம் இல்லாவிட்டால் ஒரே வழி: இணைந்து நிற்கும் கலங்களில் ஏறிக் கதவை அடைத்துக்கொண்டு காத்திருப்பது. 2021 நவம்பர் 15 அன்று ரஷ்யா தன் பழைய காஸ்மோஸ் 1408 செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தது. 1,500-க்கும் மேற்பட்ட துண்டுகள் பட்டியலுக்கு வந்தன. நிலையத்தில் இருந்த ஏழு பேரும் டிராகனிலும் சோயுஸிலுமாகப் போய் உட்கார்ந்தார்கள். ஏழு பேரில் இருவர் ரஷ்யர்கள்.

கணிப்பு எவ்வளவு நம்பகமானது? 2009 பிப்ரவரி 10 அன்று, வேலை செய்துகொண்டிருந்த இரிடியம் 33 என்ற செயற்கைக்கோளும் செத்துப்போன காஸ்மோஸ் 2251-உம் சைபீரியாவுக்கு மேலே, 789 கிலோமீட்டர் உயரத்தில் மோதின. பொதுவில் கிடைத்த தரவை வைத்துப் போட்ட கணக்கு, 584 மீட்டர் தள்ளிப் போகும் என்றது. அன்றைய பட்டியலில் அதைவிட நெருக்கமான சந்திப்புகள் வேறு இருந்தன. கணக்கின் பிழை வரம்பே அந்த இடைவெளியைவிடப் பெரிது. விளைவு, பட்டியலிடத்தக்க 2,000 துண்டுகளுக்கு மேல்.

மோதலும் ஏவுகணைச் சோதனையும் செய்தியாகின்றன. செய்தியாகாமல் குப்பை சேர்த்தது மீந்த எரிபொருள். 1970-களில் அமெரிக்காவின் டெல்டா ராக்கெட்டுகளின் இரண்டாம் கட்டங்கள், வேலையை முடித்து மாதங்கள், ஆண்டுகள் கழித்துத் தாமாக வெடித்தன. காரணம் எளிது. எரிபொருளும் அதை எரியவைக்கும் ஆக்சிகரணியும் ஒரே தடுப்புச் சுவரின் இரு பக்கமும் இருந்தன. தொட்டவுடன் தீப்பற்றும் வகை. வெயிலும் நிழலும் மாறி மாறிப் பட்டதில் அழுத்தம் ஏறி, சுவர் விட்டுக்கொடுத்தது. தீர்வும் அதே அளவு எளிது: வேலை முடிந்ததும் மிச்சத்தை எரித்துத் தீர்த்துவிடு. 1981-இல் அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தார்கள், அப்படிச் செய்த கட்டங்கள் வெடிக்கவில்லை.

நமக்கும் அந்தப் பாடம் கிடைத்தது, சற்றுத் தாமதமாக. 2001 அக்டோபரில் பறந்த பிஎஸ்எல்வி-சி3-இன் நான்காம் கட்டம் அதே ஆண்டு டிசம்பர் 19 அன்று வெடித்து 300-க்கும் மேற்பட்ட துண்டுகளானது. அதற்குப் பிறகு இஸ்ரோ மேல்கட்டத்தை அடக்கிவைக்கும் முறையைக் கொண்டுவந்தது. இந்தக் கட்டங்களில் செய்வது இதுதான்: தொட்டியில் மிஞ்சியதை வால்வு திறந்து வெளியேற்றுவது, அழுத்த வாயுவைக் காலியாக்குவது. செயற்கைக்கோள் என்றால் பேட்டரியை மின்னேற்றத்திலிருந்து துண்டித்து வடியவிடுவது, சுழல்சக்கரத்தை நிறுத்துவது. புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்தது உயரம். 400 கிலோமீட்டரில் விட்ட துண்டு மாதங்களிலோ ஓரிரு ஆண்டுகளிலோ காற்றின் இழுவையில் விழுந்துவிடும். 800-இல் ஒரு நூற்றாண்டு ஆகும். 2019 மார்ச் 27-இல் நாம் நம் மைக்ரோசாட்-ஆர் செயற்கைக்கோளை ஏவுகணையால் உடைத்தபோது 283 கிலோமீட்டர்தானே, சில வாரங்களில் எல்லாம் விழுந்துவிடும் என்றார்கள். பெரும்பாலானவை விழவும் செய்தன. ஆனால் உடைபடும் துண்டு உடைத்த உயரத்திலேயே நிற்பதில்லை. சில துண்டுகள் நிலையத்தின் உயரத்தையும் தாண்டி எறியப்பட்டன, கடைசித் துண்டுகள் விழ 2022 ஆயிற்று. 2007-இல் 860 கிலோமீட்டரை ஒட்டிச் சீனா தன் செயற்கைக்கோளை உடைத்ததோடு இதை ஒப்பிட முடியாது. சரிதான். ஆனாலும் 'சில வாரங்கள்' என்ற கணக்கு பொய்த்தது என்பதை நாமே சொல்லிக்கொள்வது நல்லது.

பெருமைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. பிரான்சோடு சேர்ந்து 2011-இல் ஏவிய மேகா-டிராபிக்ஸ்-1 செயற்கைக்கோள், ஆயிரம் கிலோ, 867 கிலோமீட்டர் உயரம். அப்படியே விட்டிருந்தால் நூறாண்டுக்கு மேல் சுற்றியிருக்கும். உள்ளே 125 கிலோ எரிபொருள் மிச்சம். விட்டுவைத்தால் வெடிகுண்டு, பயன்படுத்தினால் இறங்கும் வண்டி. கட்டுப்பாட்டோடு கீழே இறக்குவதற்கென்று வடிவமைத்த செயற்கைக்கோள் அல்ல அது. 2022 ஆகஸ்டிலிருந்து 20 முறை எஞ்சினை இயக்கிப் பாதையைத் தாழ்த்தினார்கள். 2023 மார்ச் 7 அன்று 11 நியூட்டன் உந்திகள் நான்கை, முறைக்கு இருபது நிமிடம் வீதம் இரண்டு முறை எரித்து, பசிபிக் கடலில் ஆளில்லாத பரப்பின் மேல் விழவைத்தார்கள். அடுத்த ஆண்டு எக்ஸ்போசாட் செயற்கைக்கோளை 650 கிலோமீட்டரில் விட்ட பிஎஸ்எல்வியின் நான்காம் கட்டத்தை 350-க்கு இறக்கி, மிச்சத்தை வெளியேற்றி, அதன் மேலேயே சில ஆய்வுகளையும் நடத்தினார்கள். 2024 மார்ச் 21 அன்று அது விழுந்தது.

இதற்கு விலை உண்டு. இறக்குவதற்கென ஒதுக்கும் ஒவ்வொரு கிலோ எரிபொருளும் அந்தச் செயற்கைக்கோள் கூடுதலாக உழைத்திருக்கக்கூடிய நாள்களைத் தின்கிறது. அதனால்தான் வேலை முடிந்து 25 ஆண்டுக்குள் இறக்கினால் போதும் என்ற பழைய வழிகாட்டுதல் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் 2022-இல் அதை 5 ஆண்டாகச் சுருக்கியது. எனக்கு அதுவே தாராளம் என்று படுகிறது.

ஏற்கெனவே கிடப்பதை யாராவது போய் அள்ளிவரக் கூடாதா? அள்ளும் கருவியைவிடச் சட்டம்தான் முதலில் குறுக்கே நிற்கிறது. 1967 விண்வெளி ஒப்பந்தப்படி, ஏவியவரின் உடைமை செத்த பிறகும் அவருடையதே. அனுமதியில்லாமல் அடுத்தவர் தொட முடியாது. காஸ்மோஸின் உடைந்த ஆணிகூட ரஷ்யாவின் சொத்துதான்.

அனுமதி ஒரு தடையே இல்லாத இடத்தில்கூடக் குப்பை கிடந்தபடியேதான் இருக்கிறது. ஐரோப்பாவின் என்விசாட் செயற்கைக்கோள், 8 டன், 2012 ஏப்ரல் 8 அன்று திடீரென்று பேசுவதை நிறுத்தியது. தொட்டியில் எரிபொருள் மிச்சம் இருந்தது. வால்வைத் திறக்கச் சொல்லும் கட்டளையைக் கேட்கத்தான் உள்ளே யாரும் இல்லை. ஏறத்தாழ 765 கிலோமீட்டர் உயரத்தில், சுமார் 100 நிமிடத்துக்கு ஒரு சுற்று. இந்தக் கூட்டம் தொடங்கி ஒரு மணி நேரம் ஆகிறது. அதற்குள் அது பூமியைப் பாதிக்கு மேல் சுற்றி வந்திருக்கும்.