வாய்க்கண்ணாடி, ப்ரோப்: வடிவமைப்பில் எதை மாற்ற வேண்டும்?

(காட்சி: தட்டில் வாய்க்கண்ணாடியும் ப்ரோபும்)

பல் மருத்துவர் வாய்க்குள் பார்க்கும் வாய்க்கண்ணாடியும், ஈறின் ஆழத்தை அளக்கும் மெல்லிய கம்பியான ப்ரோபும் விலை குறைந்த கருவிகள்தானே என்று இவற்றின் வடிவமைப்பை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. ஆனால் நோயைக் கண்டுபிடிப்பதும் தவறவிடுவதும் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் கண்ணாடி. ப்ரோப் முனையால் அதைத் தொட்டுப் பாருங்கள்.

(காட்சி: மிக நெருக்கத்தில், முனையும் அதன் பிம்பமும்)

முனைக்கும் பிம்பத்துக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால், உலோகப் பூச்சு கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. இரண்டும் ஒட்டி நின்றால் பூச்சு முன்பக்கம். பின்பூச்சு வகையில் கண்ணாடியின் மேற்பரப்பும் கொஞ்சம் ஒளியைத் திருப்பி அனுப்பும். அதனால் பல் விளிம்பை ஒட்டி மங்கலாக இன்னொரு விளிம்பு தெரியும். கடைவாய்ப் பல்லில் மெல்லிய விரிசலைத் தேடும்போது இது ஆளை ஏமாற்றிவிடும். பரிசோதனைக்கு ரோடியம் என்ற உலோகத்தின் முன்பூச்சுதான் சரி.

அதற்கும் ஒரு குறை உண்டு: கீறல். மற்ற கருவிகளோடு சேர்த்து, ஒலி அதிர்வால் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியில் கொட்டினால் பூச்சு சீக்கிரமே கெட்டுப்போகும். ஒவ்வொன்றையும் தனியாகப் பிடித்து நிறுத்தும் பெட்டி (கேசட்) தேவை.

மூச்சுப் பட்டு மங்குவது, கண்ணாடி வாயைவிடக் குளிர்ச்சியாக இருப்பதால். கன்னத்தின் உட்புறத்தில் சில நொடி வைத்தால் சூடேறித் தெளியும். தலைப்பகுதி எவ்வளவு மெலிதோ அவ்வளவு விரைவாகச் சூடேறும். ஆனால் கன்னத்தை ஒதுக்கிப் பிடிப்பதும் இதே கருவிதான். கழுத்தை மெலிதாக்கினால் வளையும். அங்கே கை வைக்காதீர்கள்.

(காட்சி: மெல்லிய, தடித்த கைப்பிடிகள் அருகருகே)

இப்போது கைப்பிடி. மெல்லிய கைப்பிடியை விரல்கள் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும். பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுக்கும் கருவிகளை வைத்து 2006இல் வெளியான ஓர் ஆய்வில், 10 மில்லிமீட்டர் விட்டமும் 15 கிராம் எடையும் கொண்ட கைப்பிடிக்கே தசைச்சுமை மிகக் குறைவாக இருந்தது. பரிசோதனைக் கருவிக்கும் இதையே இலக்காக வைக்கலாம்.

தடிமன் கூடி எடை குறைய வேண்டுமென்றால் எஃகு உள்ளீடற்றதாக இருக்க வேண்டும். அங்கே வெல்டிங்கைக் கவனியுங்கள். ஊசித்துளை இருந்தால்கூட, நீராவியால் கிருமி நீக்கும் 134 டிகிரி ஆட்டோகிளேவில் நீராவி உள்ளே புகுந்து தண்ணீராகத் தங்கும். இணைப்பைச் சுற்றிப் பழுப்புக் கறை தெரிந்தால் அந்தக் கருவியை ஒதுக்கிவிடுங்கள். பிடிமானத்துக்கு ஆழமான குறுக்குவெட்டு வரிகள் வேண்டாம். அவற்றின் அடிவரை பிரஷ் போகாது. அகலமான, ஆழமற்ற வளையங்கள் போதும்.

(காட்சி: உலக சுகாதார நிறுவன ப்ரோப், முனை நெருக்கத்தில்)

இந்த ப்ரோபின் நுனியில் 0.5 மில்லிமீட்டர் உருண்டை. அழுத்தம் 20 கிராமைத் தாண்டக் கூடாது. கருப்புப் பட்டை நுனியிலிருந்து 3.5 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை. பட்டையில் ஒரு பகுதி ஈறுக்குள் மறைந்தால் 4 அல்லது 5 மில்லிமீட்டர் பை, அதாவது பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே உள்ள பள்ளம். முழுக்க மறைந்தால் 6 அல்லது அதற்கு மேல். பெயிண்ட் தேய்ந்து பட்டையின் விளிம்பு அரை மில்லிமீட்டர் நகர்ந்தாலே கணக்கு மாறிவிடும். லேசர் குறி தேயாது. ஆனால் லேசர் பட்ட எஃகில் துரு எளிதில் பிடிக்கும். குறியிட்ட பிறகு அமிலக் குளியல் கொடுத்துப் பாதுகாப்புப் படலத்தை மீட்டார்களா என்று கேட்டு வாங்குங்கள்.